இடது காது வழியாகப் போன தொண்டை

போன மாதம் எங்கள் பழைய சுகாதார நிலையத்திலிருந்து பரிமளா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஸ்டாஃப் நர்ஸ் அவள். நோயாளிகளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் ரெஃபரல் மென்பொருளை மாற்றுகிறார்களாம். புதியதில் எல்லாம் தமிழில் வருமாம், குரலிலேயே சொன்னால் அதுவே எழுதிக்கொள்ளுமாம். "அக்கா, பழையது முதன்முதல்ல வந்தப்போ நீங்கதானே இருந்தீங்க? எப்படிச் சமாளிச்சீங்கன்னு கொஞ்சம் எழுதிக் குடுங்களேன். எங்களுக்குத் தைரியமா இருக்கும்" என்றாள்.

தைரியம் வருமா என்று தெரியாது. நடந்ததை எழுதுகிறேன்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விருதுநகர் பக்கம் பிறந்து, மதுரையில் நர்ஸிங் படித்து, ஆவடி தொழிற்சாலையில் வேலை பார்த்தவரைக் கட்டிக்கொண்டு, குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தவள். பயிற்சிக் காலத்தில் படுக்கை விரிப்பைச் சுருக்கமில்லாமல் போடக் கற்றுக்கொடுத்தார்கள். மற்றதையெல்லாம் வேலைக்கு வந்த பிறகு நானே கற்றுக்கொண்டேன். கடைசிப் பன்னிரண்டு வருஷம் கரையான்சாவடிப் பக்கத்தில் ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கழிந்தது. அங்கே மருத்துவ அலுவலர் டாக்டர் சாரங்கபாணி.

அவரைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும்.

டாக்டர் சாரங்கபாணி நோயாளி உட்கார்ந்ததும் முதலில் கேட்பது, "சாப்டீங்களா?" இதை எல்லோரும்தான் கேட்பார்கள். அவர் பதிலுக்குக் காத்திருப்பார். "சாப்ட்டேன் சார்" என்றால் விட மாட்டார். "என்ன சாப்டீங்க?" இட்லி என்றால் எத்தனை, தொட்டுக்கொள்ள என்ன, நேற்று அரைத்த மாவா. வெளியே நாற்பது பேர் டோக்கனோடு நின்றுகொண்டிருப்பார்கள். உள்ளே சட்னி ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் அந்தச் சட்னியிலிருந்து அவர் சர்க்கரை நோயைக் கண்டுபிடித்ததை நானே பார்த்திருக்கிறேன்.

யாரையாவது ஸ்பெஷலிஸ்ட் டாக்டரிடம் அனுப்ப வேண்டுமென்றால் அவர் கடிதம் எழுதுவார். சீட்டு அல்ல, கடிதம். நீல மை, கோடு போட்ட தாள், தேதி வலது மூலையில். ஆங்கிலத்தில்தான் எழுதுவார், ஆனால் கல்யாணப் பத்திரிகைக்கு உண்டான மரியாதையோடு இருக்கும். முடித்ததும் மூன்றாக மடித்து, குண்டூசி குத்தி, ஊசியின் கூர் வெளியே தெரியாமல் உள்ளே செருகி, நோயாளியின் கையில் இரண்டு கையாலும் கொடுப்பார். ஸ்டேப்ளர் போட விடமாட்டார். "பிரிக்கும்போது அவங்க நகத்துல குத்தும் சிஸ்டர்."

அந்தக் கடிதங்களுக்கு ஒரு பதில்கூட வந்து நான் பார்த்ததில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் அதைப் பிரித்தார்களா என்பதே சந்தேகம். ஒருமுறை ஒரு பெண்மணி கடிதத்தைப் பத்திரமாக பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துத் திருப்பிக் கொண்டுவந்தார். "அங்க யாரும் கேக்கல சார். நல்லா எழுதியிருந்தீங்க, அதான் தூக்கிப் போட மனசு வரல" என்றார். டாக்டர் அதை மறுபடி வாங்கிப் படித்துப் பார்த்து, ஒரு இடத்தில் காற்புள்ளி போட்டார்.

இந்த நிலைமையில்தான் கம்ப்யூட்டர் வந்தது. இனிமேல் கடிதம் கிடையாது, எல்லா ரெஃபரலும் மின்னணு முறையில்தான். இங்கே பொத்தானை அமுக்கினால் அங்கே ஸ்பெஷலிஸ்டின் திரையில் தெரியும். அவர் ஏற்றுக்கொண்டதும் நோயாளியின் போனுக்குத் தேதி, நேரம் குறுஞ்செய்தியாகப் போகும். வரிசையில் காத்துக் கிடக்க வேண்டாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

அரை நாள் பயிற்சிக்கு என்னை அனுப்பினார்கள். ஏன் என்னை என்றால், எங்கள் நிலையத்தில் வாட்ஸப்பில் தினமும் காலை வணக்கம் அனுப்புகிறவள் நான் ஒருத்திதான். அதனால் எனக்குத் தொழில்நுட்பம் தெரியும் என்று முடிவாகியிருந்தது. பயிற்சியில் எங்களுக்கு வேகமாகப் பல திரைகளைக் காட்டினார்கள், பிறகு சாம்பார் சாதம் கொடுத்தார்கள். சாதம் நன்றாக நினைவிருக்கிறது.

கம்ப்யூட்டருக்கு சிக்னல் கிடைத்த ஒரே இடம், கர்ப்பிணிகள் எடை பார்க்கும் மெஷினுக்குப் பக்கத்து ஜன்னல். அதனால் ரெஃபரல் மேசை அங்கே போனது. நான் ஒருவருக்குக் கண் டாக்டரைத் தேடிக்கொண்டிருக்கும்போது, பின்னால் ஒரு குரல், "அம்பத்தெட்டரை" என்று சொல்லும். இரண்டு முறை அந்த எண்ணை நோயாளியின் வயதாக அடித்திருக்கிறேன்.

கடவுச்சொல் வைக்கும்போதே டாக்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒத்துப்போகவில்லை. பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, குறி ஒன்று வேண்டும் என்றது. நான் ஆச்சரியக்குறி போட்டேன். "எதுக்கு சிஸ்டர் ஆச்சரியக்குறி? என் பேர்ல என்ன ஆச்சரியம்?" என்றார். கேள்விக்குறியாக மாற்றினேன். அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

உண்மையான தகராறு 'அனுப்புவதற்கான காரணம்' என்ற கட்டத்தில் ஆரம்பித்தது. அதில் இருநூற்றைம்பது எழுத்துதான் ஏறும். அதற்கு மேல் அடித்தால் எச்சரிக்கை எதுவும் சொல்லாது, வெட்டிவிட்டு அனுப்பிவிடும். இது எங்களுக்குத் தெரியாது. டாக்டர் பின்னால் கைகட்டி நின்று சொல்லச் சொல்ல நான் ஒரு விரலால் அடித்து முதல் ரெஃபரலை அனுப்பினேன். அந்தப் பக்கம் எலும்பு டாக்டருக்குப் போய்ச் சேர்ந்தது, தமிழில் சொன்னால், இவ்வளவுதான்:

"பெருமதிப்பிற்குரிய நண்பருக்கு, தாங்களும் தங்கள் துறையினரும் நலமென நம்புகிறேன். இத்துடன் வருபவர் தொழிற்சாலையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவர். மிகுந்த பொறுமைசாலி. ஆனால் அவருடைய மனைவி"

மறுநாள் பதில் வந்தது. டாக்டர் சாரங்கபாணியின் வாழ்க்கையில் ஒரு ஸ்பெஷலிஸ்டிடமிருந்து வந்த முதல் பதில் அது. ஓடிப்போய் அவரைக் கூப்பிட்டேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார். "நோயாளி கணவரா, மனைவியா?" என்று கேட்டிருந்தார்கள்.

"பாத்தீங்களா சிஸ்டர், படிக்கிறாங்க!" என்றார். அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

இப்படியே ஒரு வருஷம் போனது. அவர் 'பெருமதிப்பிற்குரிய' என்பதை விடவில்லை. நான் மற்றதை வெட்டி அடிக்கப் பழகிக்கொண்டேன். அந்தச் சமயத்தில்தான் ஏழுமலை வந்தார்.

ஏழுமலை திருவேற்காட்டுக்காரர். அப்பா காலத்து நெல் வயலில் இப்போது நான்கு மாடி வீடுகள் நிற்கின்றன. அவர் திருவேற்காடு, பூந்தமல்லி ஷேர் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், ஒல்லியான ஆள், சட்டைப் பையில் பீடிக்கட்டு. ஸ்டூலில் உட்கார்ந்து வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

"அஞ்சு வாரமா இப்டித்தான் கீது சார்" என்று அந்தக் காற்றிலேயே சொன்னார். "வண்டில ஆள் ஏத்தக் கத்திக் கத்திப் போச்சு. மொளகுப் பால் குட்சேன், கற்பூரவள்ளி மென்னேன், ஒண்ணும் கேக்கல. இப்போ அட்டைல பூந்தமல்லின்னு எய்தி கண்ணாடில மாட்டிகினு ஓட்டறேன்."

டாக்டர் வழக்கம்போல் முதலில் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். பிறகு, முழுங்கும்போது சிரமமா, எச்சிலில் ரத்தமா, எடை குறைந்ததா, நாளைக்கு எத்தனை பீடி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தார். பின்னால் போய் நின்று, இரண்டு கை விரல்களாலும் கழுத்தைத் தாடையிலிருந்து தோள்வரை மெதுவாகத் தடவிப் பார்த்தார். கழுத்தில் கட்டி ஏதும் இல்லை. ஆனாலும் டாக்டர் முன்னால் வந்து இன்னொரு முறை தொண்டையைப் பார்த்தார்.

"ஏழுமலை, இது கத்துனதால மட்டும் வந்ததான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு. உள்ள குரல்நாண் வரைக்கும் பாக்கணும். அந்தக் கருவி இங்க இல்ல. பெரிய ஆஸ்பத்திரில காது மூக்கு தொண்டை டாக்டர் பாப்பாங்க. தள்ளிப் போடக் கூடாது" என்றார்.

கம்ப்யூட்டரில் 'அவசரம்' என்று அமுக்கினேன். அது மூன்று கேள்வி கேட்டது. மூச்சுத்திணறல் உண்டா? ரத்தப்போக்கு உண்டா? மயக்கம் உண்டா? மூன்றுக்கும் இல்லை என்றதும் தானாகவே 'வழக்கமானது' என்று மாறிக்கொண்டது. கடைசியில் போன் நம்பர் கேட்டது. ஏழுமலை குசுகுசுவென்று சொன்னார். பக்கத்தில் எடை மெஷினில் யாரோ ஏறி இறங்கினார்கள். டாக்டர் பின்னால் நின்று 'பெருமதிப்பிற்குரிய' சொல்ல ஆரம்பித்திருந்தார். நான் அடித்தேன், அனுப்பினேன். 'வெற்றி' என்று பச்சையில் வந்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் அறிமுகமே இல்லாத ஒருவர் வாசலிலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். மண்ணூர்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் தனகோட்டி. கனத்த உடம்பு, சட்டையில் கிரீஸ். பல வருஷம் மெஷின் சத்தத்தில் வேலை பார்த்ததால் காது மந்தம். அதனால் எதைச் சொன்னாலும் ஊருக்கே சொல்வார்.

"இன்னா சிஸ்டர், ஒரு மன்சன இப்டியா அலைக்கழிப்பீங்க? காது மூக்கு தொண்டை டாக்டர் உங்கள பாக்கறாருன்னு எனக்கு மெசேஜ் வந்துச்சு. என் காது கேக்காதது கவர்மென்டுக்கே தெரிஞ்சு போச்சேன்னு சந்தோசப்பட்டு, எட்டு மணிக்கே போயி நின்னேன். கவுன்டர்ல பேரு இன்னான்றாங்க. தனகோட்டின்றேன். இல்ல, இது ஏழுமலை பேர்ல கீது, ஏழுமலைய இட்டுகினு வான்றாங்க. ஒரு மலைக்கே எனக்கு வழி தெரியாது, ஏழு மலைக்கு நான் எங்க போறது? அனுப்ச்சது நீங்கதான்னு சொன்னாங்க, அதான் வந்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியிலேயே நின்றது. கம்ப்யூட்டரில் ஏழுமலையின் பெயரை எடுத்தேன். அதிலிருந்த எண்ணைத் தனகோட்டியிடம் படித்தேன். "என்னுதுதான்" என்றார். குசுகுசுத்த குரலில் 'மூணு' என்று ஏழுமலை சொன்னது எனக்கு 'ஒண்ணு' என்று விழுந்திருக்கிறது. கீழே சிவப்பில் ஒரு வரி: 'நோயாளி வரவில்லை. கேஸ் முடிக்கப்பட்டது.'

அத்தனை வருஷ வேலையில் நான் ஊசியை மாற்றிப் போட்டதில்லை, மாத்திரையை மாற்றிக் கொடுத்ததில்லை. ஒரே ஒரு எண் என்னைக் கவிழ்த்துவிட்டது. நேராக டாக்டரிடம் போய், அங்கே உட்கார்ந்திருந்த நோயாளி எதிரிலேயே சொன்னேன். "சார், ஏழுமலைக்கு நம்பரைத் தப்பா அடிச்சிட்டேன். அவரு போகவே இல்ல."

அவர் பேனாவை மூடினார். "திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கணும். நானும் பக்கத்துல நின்னு பேசிக்கிட்டே இருந்தேன், எப்படிக் கேக்கும்?" என்றார். பிறகு, "ஆளைப் பிடிங்க சிஸ்டர். முதல்ல ஆளைப் பிடிங்க."

சரியான நம்பர் யாரிடமும் இல்லை. வேன் இந்த வழியாகத்தான் போகும் என்பது மட்டும் தெரியும். நான் மெயின் ரோட்டுக்கு ஓடினேன். தனகோட்டியும் பின்னாலேயே வந்தார். "எதுக்கு ஓடறீங்க சிஸ்டர்? நான் ஒரு சத்தம் வுட்டா போதாதா?" என்றார்.

அப்படியே செய்தார். கடைகளுக்கு முன்னால் ரோட்டோரம் நின்று, வருகிற ஒவ்வொரு வேனையும் பார்த்து, இரண்டு கையையும் மேலே தூக்கி, "ஏழுமலை! ஏழுமலை!" என்று கத்தினார். மஞ்சள் உடுத்திய பக்தர்களோடு எங்கோ போய்க்கொண்டிருந்த ஒரு வேன் முழுக்க, "கோவிந்தா! கோவிந்தா!" என்று பதில் குரல் கொடுத்துக்கொண்டு போனது. ஒரு பாட்டியம்மா வேனை நிறுத்தச் சொல்லி அவர் கையில் ஒரு வாழைப்பழம் கொடுத்துவிட்டுப் போனார். தனகோட்டி பழத்தை உரித்துச் சாப்பிட்டுவிட்டு மறுபடி கத்தினார்.

ஆறாவதோ ஏழாவதோ வேனின் கண்ணாடியில் அட்டை தெரிந்தது. நான் நடு ரோட்டில் போய் நின்றுவிட்டேன். பிரேக் போட்டு இறங்கிய ஏழுமலையின் குரல் முன்பைவிட மோசமாக இருந்தது. காதைக் கிட்டே கொண்டுபோனால்தான் கேட்டது.

"மெசேஜ் வரல சிஸ்டர். கூப்டலையே, அப்போ ஒண்ணும் பெருசா இல்லன்னு வுட்டுட்டேன்."

எங்கள் அழைப்பு வராததையே அவர் நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டிருக்கிறார்.

டாக்டர் உடனே நீல மையில் ஒரு கடிதம் எழுதி, அன்றைக்கே நேரில் போகச் சொன்னார். "அந்தக் கவுன்டர் எனக்குத் தெரியும், நான் இட்டுகினு போறேன்" என்று தனகோட்டி தன் பைக்கில் ஏழுமலையை உட்கார வைத்துக்கொண்டு போனார். மத்தியானத்துக்குள் இரண்டு பேரும் திரும்பி வந்துவிட்டார்கள். கவுன்டரில் கடிதத்தை வாங்கவில்லை. பெயரை அடித்தால், 'வரவில்லை, முடிக்கப்பட்டது' என்று வருகிறது, டோக்கன் போட வழி இல்லை, அனுப்பிய இடத்திலிருந்து மறுபடி ரெஃபரல் போட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். தனகோட்டி அங்கேயும் சத்தம் போட்டிருக்கிறார். செக்யூரிட்டி வந்து அவரை அன்பாக வெளியே விட்டிருக்கிறார்.

மறுபடி போட்டேன். கம்ப்யூட்டர் மறுத்தது. 'இதே நோயாளி, இதே காரணம், முப்பது நாளுக்குள் மீண்டும் அனுப்ப இயலாது.' உதவி எண்ணுக்குப் போன் செய்தோம். ஒரு பையன் மிகவும் தன்மையாகப் பேசினான். "முப்பது நாள் கழிச்சு அதுவே தானா திறந்துக்கும் மேடம்."

டாக்டர் போனை வாங்கினார். "தம்பி, முப்பது நாள்ங்கிறது உங்க கம்ப்யூட்டருக்குத் தெரியும். இவர் தொண்டைல இருக்கிறதுக்குத் தெரியாதே."

"புரியுது சார். வேற கம்ப்ளெய்ன்ட்னா இப்பவே போடலாம் சார். காரணம் வேறயா இருக்கணும், அவ்ளோதான்."

போனை வைத்ததும் நான் சொன்னேன், "சார், தொண்டை வலின்னு போட்டுடலாமா?"

டாக்டர் ஏழுமலையைப் பார்த்தார். "தொண்டை வலிக்குதா?"

"இல்ல சார்." ஏழுமலை என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வலிக்குதுன்னு வச்சுக்கோ சார், எனக்கின்னா" என்றார்.

"வச்சுக்க முடியாது. நான் எழுதுறத நம்பி அந்தப் பக்கம் ஒருத்தர் படிக்கிறார். இன்னைக்கு இல்லாத வலிய எழுதினா, நாளைக்கு இருக்கிற வலியையும் அவர் நம்ப மாட்டார்."

எனக்குக் கோபம் வந்தது. உயிர் போகிற விஷயத்தில் இவர் என்ன இலக்கணம் பார்க்கிறார் என்று மனதுக்குள் திட்டினேன். அவர் அதற்குள் சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தார். "உக்காரு ஏழுமலை. காது மூக்கு தொண்டை டாக்டர் பாக்கிற மாதிரி உண்மையான கம்ப்ளெய்ன்ட் உங்கிட்ட ஏதாவது ஒண்ணு இல்லாமலா போயிடும்?"

தேடல் ஆரம்பித்தது. முதலில் மூக்கு. வலது துளை, இடது துளை, டார்ச்சை மேலும் கீழும் சாய்த்துப் பார்த்தார். சளி இல்லை, சதை வளரவில்லை, எலும்புகூட நேராக இருந்தது. "சே" என்றார். ஒரு நோயாளி ஆரோக்கியமாக இருப்பதற்கு ஒரு டாக்டர் சலித்துக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன். "தும்மல் வருமா?" "இல்ல சார்." "குறட்டை?" "தெரியாது சார், நான் தூங்கிகினு இருப்பேன்." வலது காது. கருவியை வைத்து வெகுநேரம் பார்த்தார். "கண்ணாடி மாதிரி இருக்கு" என்றார், குற்றம் சாட்டுகிற தொனியில்.

கடைசியாக இடது காது. குனிந்தார். பின்னால் தனகோட்டியும் கூடவே குனிந்தார்.

"ஆஹா!" என்று நிமிர்ந்தார் டாக்டர். "சிஸ்டர், குறும்பி! அடைச்சுக்கிட்டு இருக்கு! செவிப்பறையே தெரியல!"

தனகோட்டிக்கு அது சரியாகக் கேட்கவில்லை. "இன்னா சொன்னாரு?" என்றார். "காதுல அழுக்கு" என்று நான் கத்தினேன். அவர் கைதட்டினார். ஏழுமலை வெட்கத்தோடு சிரித்தார். எந்தக் காது அழுக்கும் அதற்கு முன்னாலோ பின்னாலோ அப்படி ஒரு வரவேற்பைப் பெற்றிருக்காது.

பட்டியலில் 'காதுக் குறும்பி' இருந்தது. தேர்ந்தெடுத்தேன். கம்ப்யூட்டர் ஒரு வார்த்தை பேசாமல் ஏற்றுக்கொண்டது. போன் நம்பரை ஏழுமலையை ஒரு தாளில் எழுதச் சொல்லி, அதைப் பார்த்து அடித்து, அந்த நம்பருக்கு அங்கேயே போன் செய்து, அவர் சட்டைப் பையில் மணி அடித்ததைக் கேட்ட பிறகுதான் அடுத்த கட்டத்துக்குப் போனேன்.

இருநூற்றைம்பது எழுத்துக் கட்டம். டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். வழக்கம்போல் நின்றுகொண்டு சொல்லவில்லை. தாளில் எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். நான் ஒவ்வொரு எழுத்தாக எண்ணினேன். ஆங்கிலத்தில் போன செய்தியைத் தமிழில் தருகிறேன்:

"இடது காதில் குறும்பி, உண்மை. ஆனால் அதற்காக அனுப்பவில்லை. ஏழு வாரமாகக் குரல் இல்லை. பீடி உண்டு. முந்தைய அழைப்பு தவறான எண்ணுக்குப் போனது, தவறு என்னுடையது. குரல்நாணைப் பாருங்கள். காது காத்திருக்கும்."

"சார், தப்பு என்னுது" என்றேன்.

"ஐடி என் பேர்லதான இருக்கு? அமுக்குங்க" என்றார்.

'பெருமதிப்பிற்குரிய' அதில் இல்லை என்பதை அனுப்பிய பிறகுதான் கவனித்தேன்.

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. டாக்டர் ஷமீம் என்று பெயர் போட்டிருந்தது. "நாளை காலை ஒன்பது மணி. நேராக என் அறைக்கு வரச் சொல்லுங்கள். தொண்டை முதலில், காது பிறகு."

மறுநாள் தனகோட்டியின் பைக்கிலேயே ஏழுமலை போனார். மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டுப் பார்த்திருக்கிறார்கள். இடது குரல்நாணில் சின்னதாக ஒரு வளர்ச்சி. துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வருகிற வரை எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வீட்டுக்காரர் என்னவென்று கேட்டார். ஒரு எண்ணைத் தப்பாக அடித்துவிட்டேன் என்றேன். "பேங்க்லயா?" என்று பதறினார்.

புற்றுநோய்தான். ஆனால் ஆரம்ப நிலை, குரல்நாணைத் தாண்டவில்லை. கதிர்வீச்சு கொடுத்தால் போதும், குரலும் மிஞ்சும் என்று டாக்டர் ஷமீம் எழுதியிருந்தார். அந்த வரிக்குக் கீழே, "இடது காது சுத்தம் செய்யப்பட்டது" என்றும் எழுதியிருந்தார்.

கதிர்வீச்சு பல வாரம் நடந்தது. ஏழுமலையின் தம்பி வேனை ஓட்டினார். பீடியைத் தானே விட்டதாக ஏழுமலை சொன்னார், தனகோட்டி விடவைத்தார் என்பதே உண்மை. அந்த மனிதர் தினமும் போன் செய்து, "பீடி குட்சியா?" என்று மண்ணூர்பேட்டைக்கே கேட்கும்படி விசாரிப்பாராம். தனகோட்டியையும் நாங்கள் முறையாக ரெஃபரல் போட்டு அனுப்பி, அவருக்குக் காது மெஷின் கிடைத்தது. அதற்குப் பிறகும் அவர் சத்தம் குறையவில்லை.

கம்ப்யூட்டரில் மட்டும் ஒரு சிக்கல் மிஞ்சியது. அதன் கணக்கில் ஏழுமலை காது அழுக்குக்காகப் போனவர். மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில் மேலதிகாரி பட்டியலைப் படித்துக்கொண்டே வந்தவர், நின்றார். "யார் இங்க காது அழுக்குக்குக் கதிர்வீச்சு குடுத்தது?"

கூட்டம் முழுக்கச் சிரிப்பு. டாக்டர் சாரங்கபாணி எழுந்து நின்றார். ஆரம்பத்திலிருந்து ஒன்று விடாமல் சொன்னார். நடுவில் மேலதிகாரி மணியைப் பார்த்தார், டாக்டர் அதைப் பார்த்தும் நிறுத்தவில்லை. முடிக்கும்போது யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி குறித்துக்கொண்டார். சில மாதம் கழித்து, வராத நோயாளியின் கேஸை நாங்களே மறுபடி திறக்கும் பொத்தான் ஒன்று அந்தத் திரையில் வந்தது. எங்களால்தான் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். டாக்டர் சொல்வார்.

சிகிச்சையெல்லாம் முடிந்து, கடைசிப் பரிசோதனையும் ஆன பிறகு ஏழுமலை ஒருநாள் எங்களைப் பார்க்க வந்தார். டோக்கன் வாங்கி, வரிசையில் உட்கார்ந்து, முறை வந்ததும்தான் உள்ளே வந்தார். கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தது. டாக்டர் காகிதங்களை எல்லாம் முன்னும் பின்னும் படித்துவிட்டு, "எங்க, பேசு பார்ப்போம்" என்றார்.

"நல்லா கீறேன் சார்" என்றார் ஏழுமலை.

குரல் வந்தது. ஆனால் பழைய குரல் எப்படி இருந்தது என்று எங்கள் யாருக்கும் தெரியாது. இது கொஞ்சம் மெலிசாக, கரகரப்போடு, யாரோ பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல இருந்தது.

"கொரலு மாறிப் போச்சு சார். மொத நாளு ஊட்டுக்குப் போன் போட்டேன். எம் பொண்டாட்டிக்கு அடையாளமே தெரில. யாரு பேசறது, யாரு பேசறதுன்னே கேட்டுகினு கீது."

"நீ என்ன சொன்ன?" என்றார் டாக்டர்.

"உன் ஊட்டுக்காரன்தான்டி, உசுரோட கீறேன்னேன்."

டாக்டர் காகிதங்களை அடுக்கித் திருப்பிக் கொடுத்தார், இரண்டு கையாலும். பிறகு அடுத்த டோக்கனைக் கூப்பிடச் சொன்னார். நான் வாசலுக்குப் போய்க் கூப்பிட்டேன். முதல் இரண்டு தடவை எனக்கும் காற்றுதான் வந்தது, மூன்றாவது தடவைதான் வெளியே கேட்டது.